6.4 என்ற எண் யாருக்கு நல்லது?

பட்டர்வொர்த்தில் 74 வயது அம்மா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் இஜிஎஃப்ஆர் 27க்கு இறங்கிவிட்டது. ஹீமோகுளோபின் 9தான், இரத்தசோகை. இதயம் பலவீனம், சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. காலையில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் பெரிண்டோபிரில், பிசோப்ரோலோல், நீர் இறங்க ஃப்ரூசமைடு, கூடவே ஆஸ்பிரின்; இரவில் கொழுப்புக்கு அட்டோர்வாஸ்டாட்டினும் இன்சுலின் ஊசியும். கிளினிக் கேசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்கில் எடுத்த எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, 6.4 என்று வந்திருக்கிறது. தாளைப் பார்த்தவர்கள் எல்லாரும் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருக்கிறது என்கிறார்கள்.

வீட்டில் நடப்பது வேறு. விடியற்காலை மூன்று மணிக்கு நைட்டி நனைய வியர்த்து எழுகிறார். பேச்சு குழறுகிறது, கேட்ட கேள்வியையே மறுபடி கேட்கிறார். வயசாகிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

6.5க்குக் கீழே என்ற இலக்கு புத்தகத்தில் இருப்பதுதான். அது இந்த அம்மாவுக்காக எழுதப்பட்டதா என்பதுதான் கேள்வி. நீண்டகால நோய்கள் இரண்டு மூன்று சேர்ந்த எவருக்கும், எந்த மருத்துவ வழிகாட்டியை எடுத்தாலும், முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். மலேசியாவில் இப்படிப்பட்டவர்கள் கொஞ்சப் பேர் அல்லர். 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வுப்படி, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், அதிகக் கொழுப்பு, உடல்பருமன் ஆகிய நான்கும் ஒரே உடம்பில் சேர்ந்திருக்கும் பெரியவர்கள் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல்.

டாக்டர்கள் சிபிஜி என்று சுருக்கிச் சொல்வது சுகாதார அமைச்சு வெளியிடும் சிகிச்சை வழிகாட்டிகளை. ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனிப் புத்தகம் உண்டு. நிபுணர் குழு ஒன்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி, எது உறுதியான சான்று, எது வெறும் அனுபவக் கருத்து என்று தரம் பிரித்து, பரிந்துரைகளை எழுதுகிறது. இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் கிடைக்கும் சிகிச்சையும் கெடாவில் ஒரு சின்ன கிளினிக்கில் கிடைக்கும் சிகிச்சையும் பெரும்பாலும் ஒத்திருப்பதற்கு இவைதான் காரணம். ஆனால் அந்தப் புத்தகங்களின் முதல் பக்கங்களிலேயே ஒரு வாசகம் இருக்கும்: இதைப் பின்பற்றினால் ஒவ்வொரு நோயாளிக்கும் சிறந்த பலன் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, எதிரே இருக்கும் நோயாளியின் நிலையைப் பார்த்து முடிவெடுக்கும் பொறுப்பு மருத்துவருடையது என்பது அதன் பொருள். ஆக, வளைந்து கொடுப்பது வழிகாட்டியை மீறுவதாகாது. வழிகாட்டியே அதைத்தான் கேட்கிறது.

இலக்கு எண்களிலும் இப்படித்தான். 2020இல் வந்த ஆறாம் பதிப்பு நீரிழிவு வழிகாட்டியில் எச்பிஏ1சிக்கு ஒரே எண் கிடையாது. புதிதாக நோய் கண்ட, வயது குறைந்த, வேறு நோயில்லாதவர்களுக்கு 6.5 அல்லது அதற்குக் கீழே. இதய நோய், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், சர்க்கரை அடிக்கடி இறங்கிப்போகிறவர்கள், ஆயுள் குறுகியவர்கள் ஆகியோருக்கு 7.1 முதல் 8 வரை. மற்றவர்கள் இடையில். மூன்று வரி கொண்ட அட்டவணை. ஆனால் சனங்கள் வாயிலும் சுவரொட்டியிலும் தங்கிப்போனது முதல் வரி மட்டும்.

அந்த இரண்டாவது கூட்டத்துக்கு இலக்கைத் தளர்த்தியது இரக்கத்தால் அல்ல. 2008இல் வெளியான அக்கார்டு ஆய்வில் நீரிழிவுடன் இதய நோயோ அதற்கான அதிக அபாயமோ உள்ள 10,251 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு எச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர மருந்தைக் கூட்டினார்கள். மறு பகுதிக்கு 7 முதல் 7.9 வரை விட்டார்கள். இறுக்கிப் பிடித்த பக்கத்தில் 257 பேர் இறந்தார்கள், தளர்த்திய பக்கத்தில் 203 பேர். சராசரியாக மூன்றரை ஆண்டில் அந்த இறுக்கமான சிகிச்சையை நிறுத்த வேண்டியதாயிற்று. எண் அழகாக வந்தது, ஆள் தாங்கவில்லை.

ஆய்வுகளில் யாரைச் சேர்த்தார்கள் என்பதைவிட யாரைச் சேர்க்கவில்லை என்பதைப் பார்ப்பது அதிகம் சொல்லித்தரும். மேல் இரத்த அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவருவது நல்லது என்று காட்டிய 2015ஆம் ஆண்டு ஸ்பிரிண்ட் ஆய்வில் 9,361 பேர் இருந்தார்கள். நீரிழிவு உள்ளவர்களும், முன்பு பக்கவாதம் வந்தவர்களும் அதில் ஒருவர்கூட இல்லை. அவர்களை வெளியே நிறுத்தித்தான் ஆய்வே தொடங்கியது. அழுத்தம் அளந்த விதமும் வேறு: சில நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, தானியங்கிக் கருவியால் பல முறை அளந்து சராசரி எடுத்தார்கள். பார்க்கிங் தேடி அலைந்து, படியேறி வந்து, எண் கூப்பிட்டதும் கையை நீட்டும்போது கிடைக்கும் அளவும் அதுவும் ஒன்றல்ல. 80 வயது தாண்டியவர்களை வைத்து 2008இல் முடிந்த ஹைவெட் ஆய்வின் இலக்கோ 150க்கு 80. அந்த அளவுக்கே பலன் தெரிந்தது.

வயதானவர்களுக்கு அழுத்த மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தபின் ஒருமுறை அளந்து, எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி அளக்க வேண்டும். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழக்கூடியவர் அவர். நீரிழிவால் நரம்பு பாதிக்கப்பட்டவர்களிடம் இது சாதாரணமாகக் காணப்படும். உட்கார்ந்தபடி எடுத்த 150ஐ மட்டும் பார்த்து இன்னொரு மாத்திரை சேர்த்தால், நிற்கும்போது அது 110 ஆகிவிடும். இடுப்பு எலும்பு முறிந்தபின் அந்த 150 யாருக்கு வேண்டும்?

ஒரு நோய்க்கு எழுதிய புத்தகம் அடுத்த நோயைக் கணக்கில் எடுப்பது குறைவு. 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 79 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டார்கள். எலும்புத் தேய்வு, மூட்டு வாதம், நீரிழிவு, இரத்த அழுத்தம், நுரையீரல் அடைப்பு நோய் என ஐந்து. ஐந்து வழிகாட்டிகளையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் அவர் 12 வகை மருந்துகளை நாளொன்றுக்கு 19 வேளைக் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. அதில் சில மருந்துகள் ஒன்றோடொன்று மோதின. ஒவ்வொரு புத்தகமும் தன் இடத்தில் சரி. சேர்த்துப் பார்த்தால் யாரும் கடைப்பிடிக்க முடியாத ஒரு நாள்.

அந்த மோதல் சாப்பாட்டுத் தட்டில்தான் முதலில் தெரியும். இனிப்பு நீருக்குக் கீரை, பழம், பருப்பு, முழுத்தானியம் என்பார்கள். சிறுநீரகம் பழுதாகி இரத்தத்தில் பொட்டாசியம் ஏறத் தொடங்கியவருக்கு அதே கீரையையும் வாழைப்பழத்தையும் அளந்து சாப்பிடச் சொல்வார்கள். எந்த உணவியலாளர் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் வெறும் கஞ்சியில் நாளை ஓட்டி மெலிந்துபோகிறவர்கள் உண்டு. இங்கே மேலே நிற்க வேண்டியது இரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் சரியான அளவில் இருக்கும்வரை பழத்தை ஒதுக்கத் தேவையில்லை. ஏறினால் காயை நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, நீரை வடித்துவிட்டுத் தாளிப்பதே ஒரு வழி. அந்த நீரில் ரசம் வைத்துவிடக் கூடாது.

சர்க்கரை இறங்கும்போது செய்யும் முதலுதவியிலும் இதே சிக்கல். அளவு 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை கொடு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார் என்பது பொது விதி. துண்டறிக்கைகளில் அதற்கு உதாரணமாகப் பழச்சாறு போட்டிருப்பார்கள். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஆரஞ்சுச் சாறும் இளநீரும் பொட்டாசியத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். அது இதயத் துடிப்பையே தடுமாறவைக்கும். அவருக்கு மூன்று தேக்கரண்டி வெள்ளைச் சர்க்கரையை அரைக் கோப்பைக்கும் குறைவான தண்ணீரில் கலக்கிக் கொடுப்பதோ குளுக்கோஸ் மாத்திரையோ போதும். தண்ணீரும் அவருக்கு அளவு. தெளிவில்லாமல் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்சைத்தான் கூப்பிட வேண்டும்.

வழிகாட்டியே தன் எல்லையைச் சொன்னாலும் அது வீட்டுக்கு வந்து சேராமல் போவதற்குக் குறைந்த சோடியம் உப்பு நல்ல உதாரணம். 2025இல் உலக சுகாதார நிறுவனம் சாதாரண உப்புக்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்றது. கூடவே, சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சொன்னது. காரணம், சோடியத்துக்குப் பதில் அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. பெரிண்டோபிரில் போன்ற மாத்திரைகளும் உடம்பில் பொட்டாசியத்தைத் தக்கவைப்பவை. சூப்பர்மார்க்கெட்டில் "இதயத்துக்கு நல்லது" என்று நினைத்து எடுத்த பொட்டலம், அந்த மாத்திரையோடு சேர்ந்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடும்.

பலன் கிடைக்க எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது அடுத்த கேள்வி, நேரமில்லாத கிளினிக்கில் பெரும்பாலும் கேட்கப்படாத கேள்வி. சர்க்கரையை இறுக்கிப் பிடிப்பதன் முழுப் பலன் தெரிய எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. சர்க்கரை இறங்கிப்போகும் ஆபத்து இன்று ராத்திரியே வரும். 45 வயதுக்காரருக்கு இந்த வியாபாரம் லாபம்; இதயம் தளர்ந்த 80 வயதுக்காரருக்கு நட்டம். ஆஸ்பிரினும் இப்படித்தான். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்கு, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மாத்திரை. ஆனால் அப்படி எதுவும் வராத முதியவர்கள் 19,114 பேரைப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், தினசரி ஆஸ்பிரின் ஊனமற்ற வாழ்நாளைக் கூட்டவில்லை, பெரிய இரத்தக்கசிவைத்தான் கூட்டியது. கொழுப்பு மாத்திரையை டயாலிசிஸ் தொடங்கிய பிறகு புதிதாக ஆரம்பித்தால் எதிர்பார்த்த பலன் இல்லை என்று 2005இலும் 2009இலும் இரு பெரிய ஆய்வுகள் காட்டின. ஆகவே சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டி, டயாலிசிசில் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்க வேண்டாம், முன்பே எடுப்பவர் தொடரலாம் என்கிறது. வாழ்நாள் மாதக்கணக்கில் என்றாகிவிட்டவர்களிடம் அந்த மாத்திரையை நிறுத்திப் பார்த்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், நிறுத்தியவர்களின் வாழ்க்கைத் தரம் சற்று மேம்பட்டது. விழுங்கவே சிரமப்படுகிறவருக்கு ஒரு மாத்திரை குறைவதே பெரிய காரியம்.

இனி, அந்த 6.4க்கு வருவோம். எச்பிஏ1சி என்பது சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும் என்ற கணக்கில்தான் அது மூன்று மாதச் சராசரி ஆகிறது. சிறுநீரகம் கெட்டவர்களிடம் சிவப்பணு அதற்கு முன்பே அழிகிறது. இரத்தம் ஊற எரித்ரோபொயட்டின் ஊசி போட்டாலும், இரத்தம் ஏற்றினாலும், புதிய அணுக்கள் வந்து எண்ணைக் கீழே இழுக்கின்றன. இரும்புச்சத்துக் குறைவோ எண்ணை மேலே தள்ளும். மலேசியாவில் பரவலாக உள்ள தலசீமியா வகைகளும் சில பரிசோதனை முறைகளைக் குழப்பும். ஹீமோகுளோபின் 9 உள்ள ஒருவரின் 6.4ஐ அப்படியே நம்பி மருந்தைக் கூட்டவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. விரலில் குத்திப் பார்க்கும் அளவுகள்தான் இங்கே சாட்சி.

அவருடைய இரவு வியர்வை சர்க்கரை இறங்கிப்போவதன் அடையாளம்; அதற்குப் பின்னால் மூன்று மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. ஊசியில் போகும் இன்சுலினில் கணிசமான பங்கைச் சிதைப்பது சிறுநீரகம். அது தளர்ந்ததால் பழைய அளவு ஊசி புதிய உடம்பில் நீண்ட நேரம் வேலை செய்கிறது. கிளிக்லசைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. பிசோப்ரோலோல், சர்க்கரை இறங்கும்போது வரும் கை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடுகிறது. மிஞ்சும் எச்சரிக்கை வியர்வை ஒன்றுதான். மெட்ஃபார்மினுக்கு இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனால் அளவைக் குறைக்க வேண்டும், 30க்குக் கீழே நிறுத்த வேண்டும். 27இல் அது தட்டில் இருக்கவே கூடாது. மருந்துச் சீட்டு நான்கு ஆண்டுக்கு முந்தைய சிறுநீரகத்துக்கு எழுதியது, அப்படியே புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. கெட்ட எண்ணத்தால் நடப்பதல்ல இது. பத்து நிமிடத்தில் பார்த்து முடிக்க வேண்டிய வரிசையில் "போன தடவை கொடுத்ததே" என்பது எளிதான வழி.

தனியார் கிளினிக் இன்னொரு அடுக்கு. முழங்கால் வலிக்குப் போட்ட வோல்டரன் ஊசியோ மாத்திரையோ, பெரிண்டோபிரிலும் ஃப்ரூசமைடும் எடுப்பவரின் சிறுநீரகத்தைச் சில நாளில் சாய்த்துவிடும்; மூன்றும் சேர்ந்து அதன் வடிகட்டியில் அழுத்தத்தைக் குறைக்கின்றன. அங்கே பெட்டியில் டயாமிக்ரான் என்று வருவதும் அரசாங்கக் கிளினிக்கில் கிளிக்லசைடு என்று வருவதும் ஒரே மருந்து. இரண்டையும் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். மலாயில் ஒட்டியிருக்கும் லேபிளில் "பிலா பெர்லு" என்றால் தேவைப்படும்போது மட்டும். மலாய் படிக்கத் தெரியாத பாட்டி அதை மூன்று வேளையும் போடுவார். மூட்டு வலிக்கு வாங்கும் மூலிகைப் பொடியிலும் ஜாமுவிலும் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். அது சர்க்கரையை ஏற்றும், திடீரென்று விட்டாலோ ஆளையே கவிழ்க்கும். பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இல்லாததை வாங்க வேண்டாம்.

ஆகவே அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குப் போகும்போது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். நாட்டு மருந்து, லேகியம், கண் சொட்டு உட்பட. கூடவே ஒரு வாரச் சர்க்கரைக் குறிப்பு: காலை வெறும் வயிற்றில், மதியத்துக்கு முன், இரவுச் சாப்பாட்டுக்கு முன், படுக்கும்போது, அந்த வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலை மூன்று மணிக்கும். பெரியவர் தமிழில் சொல்லும் தொந்தரவைப் பிள்ளை மலாயில் சொல்லும்போது "எல்லாம் ஓகே டாக்டர்" என்று சுருக்கிவிடக் கூடாது. அவருக்கு எது முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். கீழே விழாமல் இருப்பதா, தலை தெளிவாக இருப்பதா, ஆயுளைக் கூட்டுவதா? இது இல்லாமல் எந்த வழிகாட்டியும் அவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரால் கணிக்க முடியாது. மருத்துவரிடம் இப்படிக் கேட்கலாம்: இந்த மாத்திரை எதைத் தடுக்க? எத்தனை ஆண்டில்? இப்போதைய சிறுநீரகத்துக்கு இந்த அளவு சரியா? எது இனி வேண்டாம்? மருந்தகத்தில் தனி ஆலோசனைப் பிரிவு இருந்தால் மருந்தாளுநரே பையைப் பிரித்துப் பார்த்து டாக்டருக்குக் குறிப்பு எழுதுவார்.

தைப்பூச விரதக் காலம் வருவதற்கு முன்பே ஒருமுறை பேசியாக வேண்டும். வாரக்கணக்கில் ஒருவேளை உணவு, பிறகு வெயிலில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவது என்றால் கிளிக்லசைடையும் இன்சுலினையும் மாற்றி அமைக்க வேண்டியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற புதுவகைச் சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர் பட்டினி கிடந்து நீர் வற்றினால், சர்க்கரை அளவு சாதாரணமாக இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் சேரலாம். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு வந்தால் குளுக்கோமீட்டர் காட்டும் நல்ல எண்ணை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. வயிற்றுப்போக்கு, வாந்தி நாட்களில் எந்த மாத்திரைகளை நிறுத்திவைப்பது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மின், பெரிண்டோபிரில் வகை, நீர் மாத்திரை, இந்தப் புது மாத்திரைகள் ஆகியவை பெரும்பாலும் அந்தத் தாளில் இருக்கும். அடிப்படை இன்சுலினை முழுவதுமாக நிறுத்தச் சொல்லியிருக்காது.

இவ்வளவும் படித்துவிட்டுத் தானாக மாத்திரையை எடுத்துப்போடத் தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். பிசோப்ரோலோலைச் சட்டென்று நிறுத்தினால் மாரடைப்பே வரலாம். புதிதாக ஸ்டென்ட் வைத்தவரின் இரத்தம் உறையாமைக்கான இரட்டை மருந்து, செயற்கை இதய வால்வுக்கான வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகத்துக்கான மருந்து, நீண்ட நாள் ஸ்டீராய்டு, காசநோய் மருந்து ஆகியவை வயதைக் காட்டி வீட்டிலேயே குறைக்கக் கூடியவை அல்ல. குறைக்க வேண்டியதையும் ஒவ்வொன்றாகக் குறைத்து, சில வாரம் பார்த்து, பிறகு அடுத்ததற்குப் போவதுதான் முறை. இரண்டை ஒன்றாக நிறுத்தினால் எதனால் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.

பட்டர்வொர்த் அம்மாவின் விஷயத்தில் மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் காத்திருக்க முடியாதவை. டாக்டர் முதல் நாளே நிறுத்துவார். இரவு இன்சுலினை 10 முதல் 20 விழுக்காடு இறக்குவார். இலக்கு எண் 7.1க்கும் 8க்கும் இடையே மாறும், அதையும் விரல் குத்திய அளவோடு ஒப்பிட்டே படிப்பார்கள். பிசோப்ரோலோல் இதயத்துக்காகத் தொடரும். ஆஸ்பிரின் எதற்காகத் தொடங்கியது என்று பழைய கார்டைத் தேடுவார்கள். மறு அப்பாயின்ட்மென்ட் மூன்று மாதம் கழித்து அல்ல, இரண்டு வாரத்தில். அதுவரை மகள் கடிகாரத்தில் மூன்று மணிக்கு அலாரம் வைத்து, விரலில் குத்தி, எண்ணையும் தேதியையும் புத்தகத்தில் எழுதிவர வேண்டும்.